வாசகர் கேள்வி–பதில்: சின்னக் காருக்கு எந்த அளவு விண்டர் ரயர்?

குளிர் தொடங்கப்போகிறது. இம்மாதம் வந்த கேள்விகளில் ரயர் அளவு பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். எந்தக் கம்பனி நல்லது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுக்கவேண்டும். அளவு பிழைத்தால் நல்ல கம்பனி ரயரும் உதவாது.

கேள்வி: பழைய கொறோலா ஒன்று வாங்கினேன். இப்போது பூட்டியிருக்கும் ரயரில் ஓர் அளவு, சாரதிப் பக்கக் கதவு ஸ்ரிக்கரில் வேறோர் அளவு. எதைப் பார்த்து விண்டர் ரயர் வாங்குவது?
— ஸ்காபரோ வாசகி

பதில்: ஸ்ரிக்கரைப் பாருங்கள். ரயரில் இருப்பது முன்பு வைத்திருந்தவர் வாங்கிய அளவு. ஸ்ரிக்கரில் இருப்பது காரைச் செய்தவர்கள் கொடுத்த அளவு. சாரதிக் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். அதிலேயே காற்றமுக்கமும் இருக்கும்.

உதாரணத்துக்கு 195/65 ஆர்15 91ரி என்று இருந்தால், ரயரின் அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம், அதாவது 126.75 மில்லிமீற்றர். ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 91 என்பது சுமைக் குறியீடு: ஒரு ரயர் 615 கிலோ தாங்கும். கடைசி எழுத்து வேகத்துக்கு: கியூ 160, ரி 190, எச் 210 கிலோமீற்றர் வரை.

அளவை மாற்ற நினைப்பவர்கள் முழு விட்டத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். பக்கச் சுவரை இரண்டால் பெருக்குங்கள்: 253.5. ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்குங்கள்: 381. கூட்டினால் 634.5 மில்லிமீற்றர். இந்த விட்டம் ஸ்ரிக்கரில் உள்ள ரயரின் விட்டத்திலிருந்து ஒன்றரை வீதத்துக்குமேல் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 3 வீதம் வரை போகலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். சின்னக் காரின் சில்லுக்கூடு ஒடுக்கமானது. முன்சில்லை முழுக்கத் திருப்பும்போது பிளாஸ்ரிக் உறையில் உரசத் தொடங்கினால்தான் அந்த 3 வீதத்தின் அர்த்தம் விளங்கும்.

சுமைக் குறியீடு ஸ்ரிக்கரில் உள்ளதைவிடக் குறையக்கூடாது. வேக எழுத்து ஒரு படி இறங்கலாம். விண்டர் ரயர்கள் பெரும்பாலும் ரி அல்லது எச் ஆகத்தான் வரும்.

கேள்வி: என்னுடையது 2016 கொறோலா எஸ். கோடைக்கு 215/45 ஆர்17 ஓடுகிறது. ஒரு கடையில் அதே 17ஐ வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் 15 அங்குலம் போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— மார்க்கம் வாசகர்

பதில்: 17 பிழையில்லை, ஆனால் வீண் செலவு. 45 வீதப் பக்கச் சுவர் என்றால் ரிம்முக்கும் தெருக் குழிக்கும் இடையில் பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லை. மாசி, பங்குனியில் பனி உருகித் திரும்ப உறையும்போது வீதியில் விழும் குழிகளில் முதலில் நெளிவது இப்படிப்பட்ட ரிம்தான். ரயரின் விலையும் கூட.

உங்கள் காரின் அதே தலைமுறைக் கொறோலா மூன்று அளவில் வந்தது: அடிமட்ட வகைக்கு 195/65 ஆர்15, எல்.ஈ. வகைக்கு 205/55 ஆர்16, உங்களுடையதுக்கு 215/45 ஆர்17. விட்டம் முறையே 634.5, 631.9, 625.3. 17இலிருந்து 15க்கு இறங்கினால் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை வீதம். மீற்றர் 100 காட்டும்போது கார் உண்மையில் 101.5இல் ஓடும். 16க்கு இறங்கினால் ஒரு வீதம்தான்.

எங்கள் தெரிவு 16. 15 போடலாமா என்பதை பிரேக்தான் தீர்மானிக்கும். ஒரே பெயருள்ள காரில் விலை கூடிய வகைக்குப் பெரிய பிரேக் தட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பரும் வருவது வழமை, அதனால் சின்ன ரிம் கலிப்பரில் முட்டும். கடையில் நான்கையும் ரயர் ஏற்றிப் பூட்டுமுன் வெறும் ரிம் ஒன்றை முன்பக்கத்தில் வைத்து, நட்டை இறுக்கி, கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கலிப்பருக்கும் ரிம்மின் உட்புறத்துக்கும் இடையில் 3 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். பலன்ஸ் பண்ண உள்ளே ஒட்டும் எடைத் துண்டுக்கும் அந்த இடைவெளி தேவை. ரயர் ஏற்றியபிறகு இந்தச் சோதனையைச் செய்தால் திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: அகலமான ரயர்தானே தரையை நல்லாப் பிடிக்கும்? பிறகேன் எல்லாரும் ஒடுக்கமானதை வாங்கச் சொல்கிறீர்கள்?
— மிசிசாகா வாசகர்

பதில்: காய்ந்த தாரில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. ஆழமான பனியில் நிலைமை மாறும். அதே பாரம் குறைந்த அகலத்தில் இறங்கும்போது ரயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே இறுகிய தரைக்குப் போகிறது. அகலமான ரயர் பனிக்குமேல் ஏறி மிதக்கும். உப்புப் போட்டுக் கரைந்த சகதிப்பனியில் இது இன்னும் மோசம். நெடுஞ்சாலையில் வரிசை மாறும்போது நடுவில் கிடக்கும் சகதியில் கார் ஒருபக்கம் இழுபடுவது இதனால்தான்.

பிளாக் ஐஸில், அதாவது வீதியில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய ஐஸில், அகலம் பெரிய விஷயமில்லை. அங்கே வேலை செய்வது றப்பரின் மென்மையும் அதில் வெட்டியிருக்கும் நுண்ணிய கீறல்களும். கோடை றப்பர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். விண்டர் றப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும். அதற்காக உங்கள் காரின் பட்டியலில் இல்லாத அளவுக்கு ஒடுக்கிப் போடவேண்டாம். காய்ந்த வீதியில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். ஒன்ராறியோவில் குளிர்காலத்திலும் பல நாள் வீதி காய்ந்துதான் கிடக்கிறது.

கேள்வி: மச்சான் தன்ர பழைய கம்றியை ஸ்கிராப்புக்குக் குடுத்திட்டார். ஸ்ரீல் ரிம்மோட நாலு விண்டர் ரயர் சும்மா தாறன் எண்டு சொல்லுறார், 205/65 ஆர்15. கார் 2005. என்ர 2012 கொறோலாவும் 15 அங்குலம்தான். போடலாமா?
— ஏஜாக்ஸ் வாசகர்

பதில்: ரிம் பொருந்தாது. இரண்டும் ரொயோட்டா, இரண்டும் 15 அங்குலம், இரண்டிலும் ஐந்து நட். ஆனால் அந்தக் கம்றியின் ஐந்து துளைகளும் 114.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. வட அமெரிக்காவில் விற்ற உங்கள் கொறோலாவுக்கு 100 மில்லிமீற்றர் வட்டம். ஒரு நட்டைப் பிடித்துவிட்டு மற்றவற்றைச் சரிவாக இறுக்குவோம் என்று யாரும் முயலவேண்டாம். போல்ட் முறியும், சில்லு கழன்றுபோகும்.

ரிம் வாங்கும்போது விட்டத்தோடு சேர்த்து நான்கு விஷயம் கேளுங்கள். துளை வட்டம்: கொறோலாவுக்கு 5×100, சிவிக்குக்கு 5×114.3, ஃபிற்றுக்கு 4×100. நடுத்துளை: கொறோலாவுக்கு 54.1, சிவிக்குக்கு 64.1 மில்லிமீற்றர். ஓஃப்செற், அதாவது ரிம் ஹப்பில் (காரில் சில்லைப் பூட்டும் பகுதி) உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. இது பத்து மில்லிமீற்றர் பிழைத்தாலே சில்லு உள்ளே ஸ்றட்டில் (அதிர்வு தாங்கும் தூண்) உரசும் அல்லது வெளியே துருத்தும். நான்காவது ரிம்மின் அகலம். 195 அல்லது 205 ரயருக்கு 6 அங்குலம் சரி.

இனி ரயரைமட்டும் கழற்றி எடுக்கலாமா? 205/65 ஆர்15இன் விட்டம் 647.5. உங்கள் 195/65ஐவிட 2 வீதம் பெரிது. நாங்கள் சொன்ன ஒன்றரை வீதத்தைத் தாண்டுகிறது. அதோடு வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த திகதி: 3814 என்றால் 2014இன் 38ஆவது வாரம். பத்து வயதான விண்டர் ரயரின் பூ (தரையில் படும் பக்கத்துப் பள்ளக் கோடுகள்) ஆழமாகத் தெரிந்தாலும் றப்பர் இறுகியிருக்கும். பூ 4 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்டால் பனிவீதியில் ஓடக்கூடாது என்பதுதான் கனடா போக்குவரத்து அமைச்சின் அறிவுரை. மச்சானிடம் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

கேள்வி: 2015 ஹொண்டா ஃபிற் ஈ.எக்ஸ். வைத்திருக்கிறேன். 185/55 ஆர்16க்கு விண்டர் ரயர் தேடினால் தெரிவே இல்லை. 185/60 ஆர்15 எடுப்பதா, 175/65 ஆர்15 எடுப்பதா?
— ஒட்டாவா வாசகி

பதில்: இரண்டும் போடலாம். 185/60 ஆர்15 உங்கள் காரின் எல்.எக்ஸ். வகைக்குக் கம்பனியே கொடுத்த அளவு. 175/65 ஆர்15 இதற்கு முந்திய தலைமுறை ஃபிற்றின் அடிமட்ட வகையில் வந்தது. உங்கள் இப்போதைய விட்டம் 609.9. முதலாவது 603, ஒரு வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சின்னது. இரண்டாவது 608.5, கிட்டத்தட்ட அதே உயரம். இரண்டுக்கும் வழமையான சுமைக் குறியீடு 84, அதாவது 500 கிலோ. உங்கள் 16 அங்குலத்துக்கு 83தான், 487 கிலோ. ஆகவே இரண்டும் பாரம் தாங்கும்.

ஒட்டாவா பனிக்கு நாங்கள் 175ஐத்தான் எடுப்போம். தாழ்வான காருக்கு அந்த மூன்று மில்லிமீற்றர் உயரமும் வீணில்லை. காப்புறுதிக் கம்பனியோ வேறு யாரோ ‘உங்கள் காருக்கான அளவா?’ என்று கேட்டுத் தொந்தரவு தருவார்கள் என்ற பயம் இருந்தால் 185/60ஐ எடுங்கள். வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. நட்டில் மட்டும் கவனம்: ஹொண்டாவின் சொந்த நட்டின் அடி உருண்டையானது. வெளிக்கம்பனி ரிம்களில் பெரும்பாலானவை கூம்பு நட்டுக்கு வெட்டியவை. கோடை நட்டையே திரும்பப் பூட்டினால் ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், இறுக்கியது நாளடைவில் தளரும். கூம்பு நட் ஒரு செற், 12 மில்லிமீற்றர், 1.5 புரி, ரிம்மோடு சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: ரொறொன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு வீடு மாறுகிறோம். இப்போது இருப்பது எம்+எஸ் எழுதிய ஓல் சீசன் ரயர். போதுமா?
— வாசகர், இடம் குறிப்பிடவில்லை

பதில்: போதாது. கியூபெக்கில் பதிவுசெய்த கார் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கு சில்லிலும் விண்டர் ரயரோடு ஓடவேண்டும். மூன்று முனை மலைக்குள் பனிப்பூ உள்ள அடையாளம் பக்கச் சுவரில் இருக்கவேண்டும். எம்+எஸ் என்பது பூவின் வடிவத்தைப் பற்றிச் சொல்வது மட்டும். மலை அடையாளம் பனியில் சோதித்துப் பெறுவது. குற்றப்பணம் 200 டொலரில் தொடங்கும். ஒன்ராறியோ இலக்கத் தகட்டோடு வந்துபோகும் காரை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆனால் நீங்கள் குடிபெயர்ந்து தகட்டை மாற்றியதும் கட்டுப்படுத்தும்.

‘ஓல் வெதர்’ என்று விற்பவற்றில் மலை அடையாளம் இருக்கும், சட்டத்துக்குச் செல்லும். மொன்றியலின் ஐஸுக்கு உண்மையான விண்டர் ரயர்தான் நல்லது என்பது எங்கள் கருத்து. ஆணி ரயர் கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி. அதைப் பூட்டிக்கொண்டு தென் ஒன்ராறியோவுக்கு வந்தால் அங்கே சட்டவிரோதம்.

ஒன்ராறியோவிலேயே இருப்பவர்களுக்கு: கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல் எல்லாக் காப்புறுதிக் கம்பனியும் விண்டர் ரயருக்குக் கழிவு தரவேண்டும். கேட்காமல் கிடைக்காது. பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கிறோம். வொக்ஸ்வாகன் போலோ, பதிவுப் பத்திரத்தில் 195/55 ஆர்16 மட்டும்தான் எழுதியிருக்கிறது. 185/65 ஆர்15 போட்டால் சோதனையில் பிடிப்பார்களா?
— டோர்ட்முண்ட் வாசகர்

பதில்: பதிவுப் பத்திரத்தின் 15.1, 15.2 கட்டங்களில் ஓர் அளவுதான் அச்சிடுவார்கள். அனுமதித்த மற்ற அளவுகள் காரோடு தந்த ஐரோப்பிய இணக்கச் சான்றிதழில் இருக்கும். அதில் 185/65 ஆர்15 இருந்தால் எதுவும் எழுதி மாற்றத் தேவையில்லை. விட்டம் 620.9இலிருந்து 621.5, அரைச் சதவீதம்கூட மாறவில்லை. சான்றிதழில் இல்லாத அளவு என்றால் ரிம்மின் அனுமதிப் பத்திரத்தைக் கையில் வைத்திருக்கவேண்டும், சிலவேளை தொழில்நுட்பச் சோதனையும் எழுத்துப் பதிவும் வேண்டிவரும்.

2024 அக்டோபர் 1 முதல் அங்கேயும் எம்+எஸ் மட்டும் போதாது, மலை அடையாளம் வேண்டும். பனி அல்லது ஐஸ் வீதியில் பிழையான ரயரோடு பிடிபட்டால் 60 யூரோ குற்றப்பணமும் ஒரு தண்டனைப் புள்ளியும். காரின் உச்ச வேகம் ரயரின் வேக எழுத்தைத் தாண்டினால், அனுமதித்த வேகத்தை எழுதிய ஸ்ரிக்கரைச் சாரதியின் பார்வையில் ஒட்டவேண்டும். போலோவில் நட் இல்லை, ஹப்பில் நேரே இறங்கும் போல்ட். கம்பனி ரிம்முக்கு உருண்டை அடி, வெளிக்கம்பனி ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு, கலந்து போடாதீர்கள்.

கேள்வி: சிவிக்குக்கு ரிம்மோடு சேர்ந்த செற் வாங்கிப் பூட்டினேன். 100இல் ஸ்ரியரிங் நடுங்குகிறது. கடையில் பலன்ஸ் சரி என்கிறார்கள்.
— பிராம்ரன் வாசகர்

பதில்: பனி கொட்டிய அடுத்தநாள் தொடங்கிய நடுக்கமென்றால் முதலில் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். ஒருபக்கம் பனிக்கட்டி ஒட்டிக்கொண்டாலே இப்படி நடுங்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும்.

அது இல்லையென்றால் நடுத்துளை. வெளிக்கம்பனி ரிம்மில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 போன்ற பெரிய துளை போட்டிருப்பார்கள். உங்கள் ஹப் 64.1. இடையில் ஒரு வளையம் வேண்டும், பிளாஸ்ரிக் அல்லது அலுமினியம். வளையம் இல்லாமல் நட்டை மட்டும் நம்பிப் பூட்டினால் சில்லு இம்மியளவு ஒருபக்கம் தள்ளி உட்காரும். கடையில் பலன்ஸ் மெஷினில் அது நடுவில்தான் சுற்றும். அதனால்தான் அவர்களுக்குச் சரியாகவே தெரிகிறது.

வளையம் இருந்தும் நடுங்கினால் ஹப் முகத்துத் துரு. உப்பு வீதியில் ஓடும் காரில் ஒரு வருடத்திலேயே படை ஏறும். கம்பித் தூரிகையால் தேய்த்து வெறும் உலோகம் தெரியவேண்டும். போல்ட் புரியில் எண்ணெய் பூசாதீர்கள். பூசினால் ரோர்க் ரென்ச் காட்டும் அளவில் உண்மையில் கூட இறுகும். சிவிக்குக்கு 80 அடி-இறாத்தல், கொறோலாவுக்கு 76. எதிரெதிர் நட்டாக, முதலில் சில்லு தரையைத் தொடும் அளவுக்குக் காரை இறக்கி, பிறகு ரென்ச்சால். 100 கிலோமீற்றர் ஓடியதும் திரும்ப ஒருமுறை. காற்றுத் துப்பாக்கியால் அடித்துவிட்டு அனுப்பும் இடத்தில், ரென்ச்சால் இறுக்கினீர்களா என்று கேட்க வெட்கப்படவேண்டாம்.

கேள்வி: விண்டர் சில்லு பூட்டியதும் காற்று எச்சரிக்கை வெளிச்சம் அணையவில்லை. பழுதா?
— வின்னிபெக் வாசகி

பதில்: இரண்டு வகை இருக்கிறது. ஒன்றில் ஒவ்வொரு ரிம்முக்குள்ளும் சென்சர் இருக்கும்; புது ரிம்மில் அதை வைக்காவிட்டால் வெளிச்சம் குளிர்காலம் முழுக்க எரியும். கனடாவில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை, கார் ஓடும். ஆனால் உண்மையில் காற்றுப் போனால் உங்களுக்குத் தெரியாது. மற்ற வகை சில்லு சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. பல ஹொண்டாக்களில் இதுதான். அதற்குக் காரின் திரையிலுள்ள பட்டியலில் போய் மீள்சீராக்கம் கொடுத்துச் சற்று நேரம் ஓடினால் போதும்.

அதற்கு முன் காற்றைப் பாருங்கள். ஏறக்குறைய ஆறு பாகை குளிருக்கு ஒரு பி.எஸ்.ஐ. (காற்றமுக்க அலகு) இறங்கும். 20 பாகைக் கராஜில் நிரப்பி, -20இல் வெளியே விட்டால் ஏழு பி.எஸ்.ஐ. காணாமல் போகும். வெளியே இரவு முழுக்க நின்ற காரில், ஓடுமுன், கதவு ஸ்ரிக்கரின் அளவுக்கு நிரப்புங்கள்.

கேள்வி: கழற்றிய கோடை ரயரை எப்படி வைப்பது?
— லண்டன், ஒன்ராறியோ வாசகர்

பதில்: ரிம்மோடு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து அடுக்கலாம். ரிம் இல்லாத ரயரை நிமிர்த்தி வையுங்கள், மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டிவிடுங்கள். வெயிலும் பெற்றோலும் படாத இடம். கழற்றும்போதே எந்தச் சில்லு எந்தப் பக்கம் என்று சோக்கால் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். அம்புக்குறி போட்ட ரயரென்றால் அடுத்தமுறை பூட்டும்போது அம்பு முன்னோக்கிச் சுற்றும்படி வரவேண்டும்.